திரும்பலையாமே?

போன வாரம் சித்தி மகள் போன் பண்ணினாள். அவளுக்கு 34ஆவது வாரம். "அக்கா, திரும்பலையாம்" என்றாள். என்ன திரும்பவில்லை என்று நான் கேட்கவில்லை. பிள்ளைத்தாச்சி ஒருத்தி அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னால், வயிற்றுப் பிள்ளையின் தலை இன்னும் கீழே வரவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது. "நீ என்ன பண்ணே? நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டாள். முக்கால் மணி நேரம் பேசியிருப்பேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று விஷயங்களை அவளிடம் சொல்லியிருக்கிறேன். கவலைப்படாதே, இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். திரும்பாவிட்டால் சிசேரியன்தான், மனதைப் போட்டு உழப்பாதே என்றேன். கடைசியில், எடுத்த எடுப்பில் சிசேரியன் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதே என்றும் சொல்லிவிட்டேன். இதில் பெரிய கூத்து என்னவென்றால் மூன்றையும் நான் நம்புகிறேன். என் மகளுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. அவள் பிறந்த விதம் மட்டும் எனக்குள் இன்னும் குறுக்கே கிடக்கிறது.

முதலில் அந்தச் சொல். பிள்ளை படிக்கலை, பிள்ளை சொன்ன பேச்சு கேக்கலை, பிள்ளை திரும்பலை. மூன்றும் ஒரே தொனி. கண் திறக்காத ஒன்று தன் கடமையில் தவறிவிட்ட மாதிரி. அடுத்த நிமிடமே பழி அம்மா பக்கம் நகரும். நீ சரியா நடக்கலையா, ஒரு பக்கமாவே சாய்ஞ்சு படுத்தியா, குனிஞ்சு வேலை செய்யலையா. உண்மையில் 28ஆவது வாரத்தில் நாலைந்து குழந்தைகளில் ஒன்று தலை மேலேதான் இருக்கும். இடம் நெருக்க நெருக்க, தலை கீழே போனால்தான் வசதி என்று பெரும்பாலானவை உருண்டுவிடும். நாள் நெருங்கும்போது நூற்றுக்கு மூன்று நான்கு மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, கர்ப்பப்பையில் கட்டி, கர்ப்பப்பையின் வடிவம், பனிக்குட நீர் மிக அதிகமாகவோ குறைவாகவோ இருப்பது என்று சில காரணங்கள் உண்டு. பல பேருக்கு எந்தக் காரணமும் அகப்படாது. எனக்கும் அகப்படவில்லை. அதனால் 34ஆவது வாரத்தில் இருப்பவளிடம் நேரம் இருக்கிறது என்று சொன்னது பொய்யில்லை. 36 தாண்டிவிட்டால்தான் கதை மாறும். அதுவும் தலைப்பிரசவத்தில் அதற்குப் பிறகு தானாகத் திரும்புவது நூற்றில் எட்டுப் பேருக்குத்தான். தலைப்பிரசவம் என்று பேர் வைத்திருக்கிறோம். என்னுடையதில் தலைதான் கடைசியில் வந்தது.

விலாவுக்குக் கீழே ஒரு பந்து

எனக்கு 36ஆவது வாரம் வரை தலை கீழே என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். வயிற்றைத் தடவிப் பார்த்தவர்கள் அட்டையில் அப்படித்தான் எழுதினார்கள். வலது விலாவுக்குக் கீழே கெட்டியாக, உருண்டையாக ஒன்று எப்போதும் முட்டிக்கொண்டிருக்கும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முடியாது. அது பின்பக்கம் என்று நானே முடிவு செய்து செல்லமாகத் தட்டுவேன். இரண்டு விரலால் ஒரு பக்கம் தள்ளினால் தொட்டித் தண்ணீரில் மிதக்கும் பந்து மாதிரி போய்விட்டு வந்து முட்டும். அந்த விளையாட்டு எனக்குப் பிடிக்கும். பின்னால்தான் தெரிந்துகொண்டேன், பின்பக்கம் அப்படித் தனியாக ஆடாது. அதைத் தள்ளினால் உடம்பும் கூடவே அசையும். கழுத்து இருப்பதால் தலை மட்டும்தான் தனியாக ஆடும். உதையெல்லாம் கீழே மூத்திரப்பையின் மேல் விழுந்துகொண்டிருந்தது. இதயத் துடிப்பு தொப்புளுக்கு மேலே கேட்டது. இத்தனை தடயத்தையும் வைத்துக்கொண்டு நான் தினமும் என் பெண்ணின் மண்டையைத் தட்டிக் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஸ்கேன் பார்த்த பெண் கருவியை நேராக விலாவுக்குக் கீழே கொண்டுபோய் வைத்து, "தலை இங்க இருக்கே" என்றார், காணாமல் போன சாவியைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற குரலில். எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. தடவிப் பார்ப்பதில் தவறிப்போவது ஒன்றும் அபூர்வமில்லை என்பது பிறகு தெரிந்தது. 2019இல் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில், 36ஆவது வாரத்தில் எல்லாருக்கும் ஸ்கேன் செய்து பார்த்த ஓர் ஆய்வு வெளியானது. தலை மேலே இருந்ததாகத் தெரியவந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதுவரை யாருக்கும் அந்தச் சந்தேகமே எழுந்திருக்கவில்லையாம்.

"இருக்கிறதுல இது நல்ல பிரீச்" என்றும் அந்தப் பெண் சொன்னார். தலைக்குப் பதில் பின்பக்கமோ காலோ கீழே இருப்பதைத்தான் பிரீச் என்கிறார்கள். பிரீச்சில் நல்லது வேறு இருக்கிறதா என்று சிரிப்பு வந்தது. இருக்கிறது. என் மகள் இடுப்பில் மடங்கி, இரண்டு காலையும் நேரே மேலே நீட்டி, பாதத்தைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றில் இரண்டு பிரீச் குழந்தைகள் இப்படித்தான். இதில் பின்பக்கம் ஒரு மூடி மாதிரி கர்ப்பப்பை வாயை அடைத்துக்கொள்ளும். இன்னும் சில சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். ஒரு காலோ இரண்டு காலோ கீழே தொங்கவிட்டிருப்பவைதான் டாக்டர்களின் வயிற்றைக் கலக்குபவை. பனிக்குடம் உடைந்தால் அந்த இடைவெளி வழியாகத் தொப்புள்கொடி நழுவி முன்னால் வந்துவிடலாம்.

அடுத்த ஒரு வாரம் நான் செய்த வித்தைகளை விரிவாக எழுதப் போவதில்லை. முழங்காலில் நின்று தலையைத் தலையணையில் புதைத்து, பின்பக்கத்தைக் கூரைக்குக் காட்டியபடி கால் மணி நேரம். அடிவயிற்றில் டார்ச் வெளிச்சம், அதே இடத்தில் பாட்டு. கால் சுண்டுவிரல் ஓரத்தில் மூலிகைச் சுருளைக் கனலவைத்துச் சூடு காட்டும் சீன முறை ஒன்று உண்டு. அதைப் பற்றி 1998இல் ஜமா என்ற பெரிய மருத்துவ இதழிலேயே ஆய்வு வந்திருக்கிறது. அதையும் செய்து பார்க்கலாம் என்றேன். வீட்டைக் கொளுத்திவிடுவேன் என்று கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. தலைகீழாக நின்றாலும் நடக்காது என்று நாம் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வோம். நான் நிஜமாகவே நின்றேன். நடக்கவில்லை.

அம்மாவின் கதை

இதில் என்னைத் தவிர யாருக்கும் ஆச்சரியம் இல்லை. நானே அப்படிப் பிறந்தவள்தான். "நீ உட்கார்ந்துக்கிட்டே வந்தவதானே" என்பது எங்கள் வீட்டில் தேய்ந்துபோன கேலி. நான் எதற்குச் சோம்பல்பட்டாலும் அந்த வசனம் வரும். 1985. ஸ்கேன் கிடையாது. வலி எடுத்துப் போன பிறகுதான் அம்மாவுக்கே விஷயம் தெரியும். சிசேரியன் இல்லாமல், பின்பக்கம் முன்னால் வர நான் பிறந்தேன்.

அந்தக் கதையை அம்மா சொல்லும்போது எப்போதும் ஒரு புகார் ஒட்டிக்கொண்டு வரும். "அந்த டாக்டரம்மா கையைக் கட்டிக்கிட்டு நின்னுச்சு. நான் கத்துறேன். நீ பாதி வெளியே, பாதி உள்ளே. அவங்க பாட்டுக்குக் குனிஞ்சு பார்த்துக்கிட்டே நிக்கிறாங்க. பாவம், அந்த நர்ஸ் பொண்ணு பிடிக்கக் கையை நீட்டுனா, தொடாதேன்னு ஒரு அதட்டு." அம்மா எழுந்து நின்று, கையைக் கட்டி, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நடித்துக் காட்டுவாள். முப்பத்து மூன்று வருடத்துக் கோபம். பெற்றவள் தவிக்க, வேடிக்கை பார்த்த ஒரு டாக்டர். நாங்கள் எல்லாரும் அம்மா கட்சி.

இப்படிக் குடும்பத்தில் வருவது தற்செயல் இல்லை என்பதை அந்த நாட்களில்தான் படித்தேன். நார்வேயில் பல லட்சம் பேரின் பிறப்புப் பதிவுகளைத் தலைமுறை தலைமுறையாகக் கோத்துப் பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். பிரீச்சாகப் பிறந்தவர்களின் முதல் பிள்ளையும் பிரீச்சாக வருவது மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். இதில் சுவாரசியம், அம்மா மட்டும் இல்லை, அப்பா பிரீச்சாகப் பிறந்திருந்தாலும் அதே கணக்குதான். கணவர் உடனே தன் அம்மாவுக்குப் போன் போட்டார். அவர் ஒழுங்காகத் தலை முன்னால் வர வந்தவராம். அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு நிம்மதி. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

குழந்தையை வெளியிலிருந்து கையால் திருப்பிப் பார்க்கலாம் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். அதற்கு முந்தின இரவு அம்மா போனில் அழைத்தாள். வழக்கமான கேலி இல்லை. "ஒண்ணு சொல்லணும்" என்றாள். "வெளியே வந்ததும் நீ அழலை. நீலமா இருந்தே. தலை வர்றதுக்குத்தான் கொஞ்சம் நேரமாச்சு. அதுக்கப்புறம் உன்னை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டாங்க. அறையில யாரும் பேசலை. எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியாது." இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீதான் உசுரோட இருக்கியே, அப்புறம் என்னத்துக்குச் சொல்லணும்" என்றாள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பிரீச் பிரசவத்தின் மொத்தப் பயமும் இருக்கிறது. தலை முன்னால் வரும்போது, உடம்பிலேயே பெரியதும் கெட்டியானதுமான பாகம் மணிக்கணக்கில் அழுத்தி அழுத்தி, தானும் நெளிந்து கொடுத்து வழி உண்டாக்கும். அது வந்துவிட்டால் மற்றது வழுக்கிக்கொண்டு வந்துவிடும். உட்கார்ந்தபடி வரும் குழந்தைக்கு இது அப்படியே மாறிப்போகிறது. சின்ன பாகங்கள் வந்தாயிற்று, பெரியது உள்ளே நிற்கிறது. தலை இடுப்பெலும்புக்குள் இறங்கும்போது தொப்புள்கொடி நசுங்கும். அதற்குப் பிறகு கையில் இருப்பது சில நிமிடங்கள். ஜெர்மனியின் கடைசி மன்னர் இரண்டாம் வில்ஹெல்ம் 1859இல் இப்படிப் பிறந்தவர்தான். வெளியே எடுக்கும்போது இடது கை நரம்பு பழுதாகி, அந்தக் கை கடைசிவரை குட்டையாக, விளங்காமலேயே இருந்தது. ஐரோப்பாவின் ராஜ வைத்தியர்கள் பக்கத்தில் இருந்தும் அந்தக் கதி.

மூன்று முறை

திருப்புவது என்பதை நான் ஏதோ மசாஜ் போலக் கற்பனை செய்திருந்தேன். கர்ப்பப்பை தளர்வதற்கு ஓர் ஊசி போட்டார்கள். அது போட்டதும் என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. குழந்தையின் துடிப்பை அரை மணி நேரம் பதிவு செய்தார்கள். ஏதாவது ஆனால் உடனே அறுவை அறைக்குப் போகத் தயாராக எல்லாம் இருந்தது. அப்படிப் போக நேர்வது இருநூறில் ஒருவருக்கு என்றார்கள். வெற்றி பாதிக்குப் பாதி. முதல் பிள்ளை என்றால் நூற்றுக்கு நாற்பது. டாக்டர் வயிறு முழுக்க ஜெல்லைத் தடவி, ஒரு கையால் பின்பக்கத்தை இடுப்புக்குள்ளிருந்து மேலே எழுப்பி, இன்னொரு கையால் தலையைப் பிடித்து, குட்டிக்கரணம் போட வைப்பது மாதிரி தள்ளினார். மசாஜ் இல்லை. சப்பாத்தி மாவுக்கும் இந்த அடி விழாது.

முதல் முறை ஒன்றும் அசையவில்லை. இரண்டாவது முறை வயிறு பக்கவாட்டில் பிதுங்கியது, நானே பார்த்தேன். பாதி வழி போய்விட்டாள். அப்படியே ஒரு கணம் நின்று, கை தளர்ந்ததும் வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது முறை தள்ளிக்கொண்டிருக்கும்போதே குழந்தையின் துடிப்பு மெதுவானது. அந்த மெஷினின் டக் டக் சத்தத்துக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனதை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியவில்லை. டாக்டர் கையை எடுத்துவிட்டார். யாரும் பேசவில்லை. அம்மா சொன்ன அறை எனக்கு அப்போது தெரிந்தது. ஒரு நிமிடம் இருக்கலாம், இரண்டு இருக்கலாம், துடிப்பு பழையபடி ஓட ஆரம்பித்தது. "போதும்" என்றார் டாக்டர்.

நர்ஸைக் கூப்பிடாமல் அவரே ஒரு துண்டை எடுத்து என் வயிற்றில் இருந்த ஜெல்லைத் துடைத்தார். பிறகு காலால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தேதி குறிக்கப் போகிறார் என்று நினைத்து நான் முந்திக்கொண்டேன். "எங்கம்மா என்னை இப்படித்தான் பெத்தாங்க. நானும் அப்படி முயற்சி பண்ணலாமா டாக்டர்?"

நான் எதிர்பார்த்தது ஒரு திட்டு. அல்லது, அதெல்லாம் அந்தக் காலம்மா என்ற பதில். அவர் கொஞ்சம் யோசித்தார். "பண்ணலாம். உங்களுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு. காலை மேல வச்சிருக்கா, எடை அதிகமில்லை, தலை குனிஞ்சிருக்கு. ஆனா என்கிட்ட பண்ண முடியாது." ஏன் என்றேன். "நான் மேல்படிப்புப் படிக்கிறப்போ பக்கத்துல நின்னு பார்த்தது நாலு. என் கையால பண்ணது ரெண்டு, அதுவும் சீனியர் என் தோளுக்குப் பின்னாலயே நின்னாங்க. அதுக்கப்புறம் பொம்மையிலதான். உங்களுக்குப் பண்ணா நீங்கதான் மூணாவது."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த மௌனத்தை நிரப்பத்தான் அம்மாவின் கதையைச் சொன்னேன், கையைக் கட்டிக்கொண்டு நின்ற டாக்டரம்மாவை நடித்துக் காட்டாத குறையாக. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "யாரு அவங்க?" என்று கேட்டார். பேர் எனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் மறந்துவிட்டது. "அப்படி நிக்கிறதுதான்மா அதுல வித்தையே" என்றார்.

பிறகு அவர் சொன்னதை நான் இன்றுவரை யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பிரீச்சில் பாதி உடம்பு வெளியே வந்ததும் பார்ப்பவர்களுக்குக் கை பரபரக்கும். பிடித்து இழுக்கத் தோன்றும். இழுத்தால் குழந்தையின் கைகள் தலைக்கு மேலே தூக்கிக்கொள்ளும், மார்பில் ஒட்டியிருக்கும் முகவாய் நிமிர்ந்துவிடும். நிமிர்ந்த தலைக்கு அகலம் அதிகம். மாட்டிக்கொள்ளும். இழுக்காமல் விட்டால் அம்மா முக்குகிற வேகத்தில், உடம்பின் கனத்தில் தானாக இறங்கும், முகவாய் ஒட்டியபடியே இருக்கும். தோள்பட்டை எலும்பு கண்ணுக்குத் தெரியும்வரை பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகும் கை வராவிட்டால் உடம்பை இப்படியும் அப்படியும் திருப்பி விடுவிக்க ஒரு முறை, தலைக்குக் கன்ன எலும்பில் விரல் வைத்துக் குனிய வைக்கும் ஒரு முறை. இந்த இரண்டாவதில் 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வைத்தியர் மொரிசோவின் பேர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "எப்போ தொடக்கூடாது, எப்போ ஒரு நொடிகூடத் தாமதிக்கக்கூடாது, அது கைக்குத் தெரியணும். நாலு பார்த்தா தெரியாது" என்றார்.

முப்பத்து மூன்று வருடம் நாங்கள் கேலி செய்த அந்தப் பெண்மணி என்னை வேடிக்கை பார்க்கவில்லை, காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்பது ஜெல் துடைத்த அந்த மேஜையில் படுத்திருக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நாலே நாலு

எங்கள் டாக்டர் ஏன் நான்குதான் பார்த்தார் என்பதற்கு ஒரு வருடத்தையே விரலால் சுட்டிக் காட்டலாம். 2000. கனடாவின் மேரி ஹன்னா தலைமையில் 26 நாடுகளில் இரண்டாயிரத்துச் சொச்சம் பெண்களை வைத்து நடந்த ஆய்வு லான்செட் இதழில் வந்தது. சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி பாதிப் பேருக்குத் திட்டமிட்ட சிசேரியன், பாதிப் பேருக்கு இயல்பான வழி. குழந்தை இறந்ததோ கடுமையாகப் பாதிக்கப்பட்டதோ முதல் பக்கத்தில் நூற்றுக்கு 1.6, இரண்டாவதில் 5. இதைப் படித்துவிட்டு யார் இன்னொன்றைச் செய்வார்கள்? நெதர்லாந்தில் இரண்டே மாதத்தில் பிரீச்சுக்கான சிசேரியன் பாதியிலிருந்து நூற்றுக்கு எண்பதானது. உலகம் முழுக்க அநேகமாக அதே வேகம்.

2004இல் அதே குழந்தைகளில் ஒரு பகுதியை இரண்டு வயதில் பார்த்தபோது, இறப்பையும் வளர்ச்சிக் குறையையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2006இல் பிரான்சும் பெல்ஜியமும் எட்டாயிரம் பெண்களின் கணக்கை வெளியிட்டன. அங்கே கைப்பழக்கம் விட்டுப்போகவில்லை, யாருக்குப் பொருந்தும் என்று கறாராகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வழிக்கும் பெரிய வேறுபாடு இல்லை, இயல்பான வழியில் நூற்றுக்கு 1.60, சிசேரியனில் 1.45. அதே வருடம் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பும் தன் பழைய கறாரைத் தளர்த்தி, பிரசவம் பார்ப்பவரின் அனுபவத்தைப் பொறுத்தது என்று மாற்றிக்கொண்டது. ஆனால் அனுபவம் எங்கே இருக்கிறது? ஆறு வருடம் என்பது மேல்படிப்பில் இரண்டு தலைமுறை. தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருந்தார்கள். தெரியாதவர்கள் செய்தால் ஆபத்து, ஆபத்தானதால் செய்வதில்லை, செய்யாததால் தெரிவதில்லை.

இதை எழுதும்போது ஒரு எச்சரிக்கை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அந்த ஆய்வு பொய், சிசேரியன் சதி என்று பேசுகிற கூட்டம் ஒன்று உண்டு. உன் உடம்பை நம்பு, அதற்குத் தெரியும் என்பார்கள். அந்தப் பேச்சு எனக்கு எரிச்சலாக இருக்கும். என் உடம்புக்கு ஒன்றும் தெரியாது, அது தலைக்கும் பின்பக்கத்துக்குமே வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. இன்னொரு பக்கம், குழந்தை நல்லபடியா வந்துச்சு இல்ல, அப்புறம் என்ன கேள்வி என்கிற கூட்டம். அதுவும் எரிச்சல்தான். இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவக் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு கணக்கு இருக்கிறது. பிரசவத்தை ஒட்டிக் குழந்தை இறப்பது 39ஆவது வாரத்துக்குப் பிறகான சிசேரியனில் ஆயிரத்துக்கு 0.5, தலை கீழே இருக்கும் சாதாரணப் பிரசவத்தில் 1, திட்டமிட்ட பிரீச் பிரசவத்தில் 2. இந்த 2 என்ற எண்ணை ஒரு நாள் பார்த்தால் ஆயிரத்தில் 998 குழந்தைகள் நன்றாக இருக்கின்றன என்று தோன்றும். இன்னொரு நாள் பார்த்தால் சிசேரியனைவிட நான்கு மடங்கு என்று தோன்றும். எண் அதேதான். எந்தப் பக்கம் படுத்து யோசிக்கிறேன் என்பதைப் பொறுத்து மாறும். கூடவே, வயிற்றில் விழுந்த தழும்பு அடுத்த பிரசவத்தில் கணக்குக் கேட்கும். நஞ்சுக்கொடி அந்தத் தழும்பில் ஒட்டிக்கொள்ளலாம், வலியின்போது தழும்பு பிரியலாம். இது முதல் குழந்தையின் கணக்கில் வராது.

நான் சிசேரியனைத்தான் எடுத்துக்கொண்டேன், 39ஆவது வாரத்தில். மூன்றாவது ஆளாக இருக்க எனக்குத் துணிச்சல் இல்லை. டாக்டருக்கும் இல்லை, அதை அவர் மறைக்கவும் இல்லை. வருத்தம் உண்டா என்றால் அறுவை பற்றி இல்லை. ஒரு திறமை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனது பற்றி உண்டு. இரவு இரண்டு மணிக்கு, யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருந்த குழந்தையோடு, கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறந்து ஒருத்தி வந்து நிற்பது இன்றும் நடக்கிறது. இரட்டைக் குழந்தைகளில் இரண்டாவது அப்படி வருகிறது. குறைமாதப் பிள்ளைகள் வருகின்றன. அங்கே எந்தத் தேதியும் குறிக்க முடியாது. அந்த அறையில் நிற்பவருக்குக் கையைக் கட்டிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

அறுவையின்போது திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதை டாக்டர் மறுநாள் சொன்னார். முதலில் பின்பக்கம், பிறகு கால்களை மடக்கி வெளியே, பிறகு திருப்பித் திருப்பி இரண்டு கைகள், கடைசியில் கன்னத்தில் விரல் வைத்துத் தலை. "உங்கம்மாவுக்குப் பண்ணாங்களே, அதேதான். வழிதான் வேற" என்றார். வயிற்றைக் கீறினாலும் உட்கார்ந்த பிள்ளை உட்கார்ந்தபடிதான் வரும், அங்கேயும் இழுத்தால் மாட்டும். ஆக அவர் கை முழுக்க மறந்துவிடவில்லை. அதைக் கேட்டு எனக்கு ஏனோ மகிழ்ச்சியாக இருந்தது.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் கேட்டது, சுகப்பிரசவமா? இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அம்மாவுக்கு நடந்தது அந்தக் கணக்கில் சுகப்பிரசவம். நீலமான குழந்தையும் பேசாத அறையுமாக.

மகள் முதல் பத்துப் பன்னிரண்டு நாள் காலை மடக்கவே இல்லை. படுக்க வைத்தால் இரண்டு பாதமும் காதுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இப்படிப் பிறந்த குழந்தைகளுக்கு, அதுவும் பெண் குழந்தை என்றால், இடுப்பு மூட்டு நழுவியிருக்க வாய்ப்பு அதிகம் என்று ஆறாவது வாரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். சரியாக இருந்தது. அம்மா அந்தக் கால்களைப் பிடித்து மெல்ல நீட்டிவிடுவாள், விட்டதும் விசை போல மேலே போய்விடும். ஒரு நாள் அப்படிச் செய்துகொண்டிருக்கும்போதுதான், கையைக் கட்டிக்கொண்டு நின்ற டாக்டரம்மா ஏன் அப்படி நின்றார் என்பதை அம்மாவிடம் சொன்னேன். வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அப்படின்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றாள் கடைசியில். கோபம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதுவும் நியாயம்தான்.

நேற்று ராத்திரி சித்தி மகளிடமிருந்து மெசேஜ். "இன்னும் திரும்பலை. அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கணும். என்ன கேக்கட்டும்?" எழுதி எழுதி அழித்து, கடைசியில் ஒன்றை அனுப்பினேன். "இந்த மாதிரி நீங்க எத்தனை பார்த்திருக்கீங்கன்னு கேளு."

"ஐயோ அக்கா, அப்படிக் கேட்டா கோபப்பட மாட்டாங்களா?" என்று உடனே வந்தது.

என் டாக்டர் கோபப்படவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் என்று எழுதி அனுப்பினேன்.